குறட்டையும் கராத்தேயும்

ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக, போன வாரம் செம்பூரிலிருந்து பஸ் ஏறி நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பழகினவர்களைப் பார்க்கத்தான். மாட்டுங்காவில் இருக்கும் சின்ன தர்ம ஆஸ்பத்திரி அது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் நான் இருந்த இடத்தில் இப்போது சுனிதா என்ற பெண் இருக்கிறாள். அவள் போட்ட ஸ்டூலில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

ஒரு அம்மா உள்ளே வந்தாள். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மொபைலை எடுத்து டாக்டர் முன்னால் நீட்டினாள். அதில் அவள் மகன் வாயைத் திறந்தபடி தூங்குகிறான். குறட்டைச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. இளம் டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார், தலையாட்டினார், எக்ஸ்ரேவுக்கு எழுதினார். அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு சுனிதா இந்தியில் கேட்டாள்: "மௌசி, முன்னாடி எல்லார் கையிலும் வீடியோ கிடையாதே. பிள்ளை எப்படித் தூங்குதுன்னு டாக்டருக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க" என்றேன்.

அதற்கு மேல் சொல்லவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான், இந்த ஊரில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எத்தனை பெரிய பாடு என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் தாராவியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்தவர். பக்கத்து வீட்டு நர்ஸ் ஒருத்தர் சொல்லி இந்த ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் பெட்பான், தரை துடைப்பது, துணி மாற்றுவது என்று போயின. பிறகு காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போட்டார்கள். அங்கே பாட்டீல் மேடம் இருந்தார்.

மேடம் மராத்திக்காரர். கொஞ்சம் பருமன், கொஞ்சம் கோபம். குழந்தைகளிடம் மட்டும் கோபம் கிடையாது. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எக்ஸ்ரேவையோ வேறு டாக்டர் எழுதிய சீட்டையோ யார் கொடுத்தாலும், வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்துவிடுவார். "முதலில் குழந்தை, பிறகு படம்" என்பார். கதவிலிருந்து ஸ்டூல் வரைக்கும் குழந்தை நடந்து வருவதைப் பார்ப்பார். வாய் திறந்தே இருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கறுப்பு இருக்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா. அந்த ஐந்தாறு எட்டுக்குள் பாதி தெரிந்துவிடும்.

பிறகு பளபளவென்ற சின்ன ஸ்டீல் தகட்டை மூக்குக்குக் கீழே பிடிப்பார். அதைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, துடைத்துக் கொடுப்பது என் வேலை. குழந்தை மூச்சு விட்டால் தகட்டில் இரண்டு பக்கமும் பனி படிவது போலப் படியும். மூக்கு அடைத்திருந்தால் சின்னதாகப் படியும், இல்லையென்றால் படியவே படியாது. தகடு சூடாக இருந்தால் ஒன்றும் தெரியாது. தகட்டை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேடம் குழந்தையிடம் கொண்டுபோவார். இத்தனை வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் திருப்பிக் கொடுத்திருப்பார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அடினாய்டு என்ற வார்த்தையை நான் கற்றது அவரிடம்தான். மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் சதை. வெளியே டாக்டர்கள் "சதை வளர்ந்திருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தாய்மார் புற்றுநோய் என்று பயந்து அழுதுகொண்டே வருவார்கள். மேடம் முதலில் அந்தப் பயத்தைத்தான் எடுப்பார். இது எல்லாக் குழந்தைக்கும் இருப்பதுதான். மூன்று வயதிலிருந்து ஏழு வயதுவரை பெரிதாகத்தான் இருக்கும். பெரிய பிள்ளையாக வளரும்போது தானே சுருங்கிவிடும். பெரிதாக இருப்பது நோய் இல்லை. அது என்ன தொந்தரவு செய்கிறது என்பதுதான் கேள்வி.

மாட்டுங்காவிலேயே இருக்கும் ஒரு அம்மா ஒரு தடவை வந்தார். வங்கியில் வேலை. மகனின் எக்ஸ்ரேவைக் கவரோடு நீட்டினார். மேடம் வழக்கம்போல அதைக் கவிழ்த்து வைத்தார். பையன் வாயை மூடிக்கொண்டு நடந்து வந்தான். தகட்டில் இரண்டு பக்கமும் நன்றாகவே பனி படிந்தது. காது சுத்தம். தூக்கம் நல்ல தூக்கம். சளி பிடித்தால் மட்டும் மூக்கு அடைக்கிறது.

"டாக்டர், ரிப்போர்ட்ல இவ்ளோ பெரிசுன்னு போட்டிருக்காளே. இப்பவே எடுத்துட்டா தேவலை இல்லையா? ஸ்கூல் லீவும் இருக்கு" என்றார் அந்த அம்மா. அதை அப்படியே இங்கிலீஷிலும் சொன்னார்.

"நான் குழந்தைக்கு ஆபரேஷன் செய்வேன். படத்துக்குச் செய்ய மாட்டேன்" என்றார் மேடம். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே ஒன்று எழுதி, சில மாதம் கழித்து வரச் சொன்னார். அந்த அம்மா கோபமாகத்தான் போனார். பையன் பிறகு உயரமாக வளர்ந்து, பாட்மிண்டன் மட்டை காதில் பட்டதென்று ஒரு நாள் வந்தான். மூக்கைப் பற்றி யாருக்கும் ஞாபகமே இல்லை.

இனி ரிஸ்வானாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அது மழைக்காலம். வார்டு பாய் லீவு போட்டிருந்ததால் அன்றைக்கு நான் உள்ளே இல்லை. கதவுக்கு வெளியே நின்று பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தாராவியிலிருந்து மைமூன் என்ற பெண் ஆறு வயது மகளோடு வந்திருந்தாள். கடையநல்லூர்க்காரர்கள். வீட்டுக்காரர் காதர் பாய் ஸ்கூல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் மைமூனுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

"இவளுக்குக் காது கேக்குதான்னு பாக்கணும்க்கா. டீச்சர் கூப்பிட்டாத் திரும்ப மாட்டக்காளாம். கிளாஸ்லயே தூங்கிருதாளாம். 'மந்தமா இருக்கா, வேற ஸ்கூல் பாத்துக்கோங்க'ன்னுட்டாவ. இவ வாப்பா ஊர்ல எங்க உம்மாகிட்ட கொண்டு விட்டுருவோம்ங்காவ. பொம்பளப்புள்ளதான, படிப்பு வந்தா வருது, வராட்டிப் போவுதுன்னு. அடுத்த வாரம் வண்டி."

"உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

"எனக்கு இருக்கது இது ஒண்ணுதான்க்கா" என்றாள். ரிஸ்வானா அவள் மடியில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி கூரையில் சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு தன்னைப் பற்றியது என்று அவளுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார்கள். மூக்குச் சொட்டு மருந்து எழுதியிருந்தது. மழைக்காலச் சளியாக இருக்கலாம், சளி இறங்கிய பிறகு வா, காது டெஸ்ட் அப்போது எடுக்கலாம் என்று மேடம் சொல்லியிருந்தார்.

"அதுக்குள்ள வண்டி ஏறிருவாளேக்கா" என்றாள் மைமூன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டாக்டரம்மா நல்ல மாதிரிதான். ஆனா கராட்டே கிராட்டேன்னு என்னமோ கேக்காவ. 'நை மேடம், லட்கி ஹை'ன்னேன், பொம்பளப்புள்ளன்னு. 'லட்கியும் பண்ணும், நானே பண்ணுவேன்'ங்காவ! இந்த வயசுல, அந்த ஒடம்ப வச்சுக்கிட்டு கராட்டே பண்ணுதாவளாக்கா?"

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தபோது சட்டென்று பிடிபட்டது. இந்தியில் குறட்டைக்கு 'கர்ராட்டே' என்று பெயர். குறட்டை விடுகிறாளா என்பதை 'கர்ராட்டே லேத்தீ ஹை க்யா?' என்றுதான் கேட்பார்கள். மைமூன் காதில் அது 'மகள் கராத்தே கற்றுக்கொள்கிறாளா' என்று விழுந்திருக்கிறது. இல்லை என்று சொல்லியிருக்கிறாள். மேடமும் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

அதுவரை மேடத்திடம் 'ஹாஞ்சி' என்று ஆமாம் போடுவதைத் தவிர நானாக எதுவும் பேசினதில்லை. அவர் கூப்பிடாமல் உள்ளே போனதும் இல்லை. மைமூன் படிக்கட்டு வரை போய்விட்டாள். "இரு, இரு" என்று அவளை நிறுத்திவிட்டுக் கதவைத் தள்ளினேன். உள்ளே வேறு நோயாளி இருந்தார். மேடம் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு இருந்த இந்தியும் மறந்துபோனது. "மேடம், அந்தத் தாராவிக் குழந்தை... கர்ராட்டே இல்லை, கராத்தே" என்று உளறினேன்.

இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "பெண்பிள்ளை குறட்டை விடுவாள் என்று சொன்னால் நாளைக்குக் கல்யாணம் ஆகாது என்று அம்மாக்கள் மறைப்பார்கள். இவளும் அப்படித்தான் என்று நினைத்து, நானும் விடுவேன் என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்! கூப்பிடு, கூப்பிடு" என்றார்.

நான் மைமூனிடம் தமிழில் கேட்டேன்.

"குறட்டையா? அது விடுவாளேக்கா. நல்ல்...லாத் தூங்குவா."

"எப்படி விடுவாள் என்று செய்து காட்டச் சொல்" என்றார் மேடம்.

மைமூன் துப்பட்டியை முகத்தில் இழுத்துக்கொண்டாள். "சீ, நான் மாட்டேன்." நீயாவது விட்டுக் காட்டி 'இப்படியா' என்று கேள் என்பது போல மேடம் என்னைப் பார்த்தார். பாதி திறந்த கதவுக்கு வெளியே அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் காதர் பாய் உள்ளே எட்டிப் பார்த்தார். கீழே ஸ்கூட்டரோடு நின்று நின்று பொறுமை போய் மேலே ஏறி வந்திருந்தார். "என்ன மைமூன், எவ்வளவு நேரம்?" விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "குறட்டையா? அத எங்கிட்டல்லா கேக்கணும்! எங்க வாப்பாவும் இப்படித்தான். சிங்கம் மாதிரி உறுமிக்கிட்டுத் தூங்குவாவ."

ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து ஆரம்பித்தார். மரம் அறுக்கிற மாதிரி ஒரு இழுப்பு, ஒரு விசில், மறுபடியும் இழுப்பு. கதவுக்கு வெளியே சிரிப்பு எழுந்தது. யாரோ ஒரு பெரியவர் "வாஹ்!" என்றார். மைமூன் துப்பட்டிக்குள் குலுங்கினாள். காதர் பாய்க்கு உற்சாகம் தாங்கவில்லை. "இப்படியே வருமா... பெறவு கொஞ்சம் நிப்பாட்டிருவா" என்றார்.

நான் அதை மேடத்துக்குச் சொன்னேன். மேடத்தின் சிரிப்பு நின்றது. "அதையும் செய்யட்டும். அவள் நிறுத்துகிற அளவுக்கே."

காதர் பாய் மறுபடி இழுத்தார். நிறுத்தினார். நெஞ்சு மட்டும் மேலும் கீழும் எக்கியது, காற்று போகவில்லை. மகள் செய்வதை அத்தனை சரியாகப் பார்த்து வைத்திருந்தார். நாங்கள் காத்திருந்தோம். அவர் முகம் கறுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினவர் போல 'ஹக்' என்று மூச்சை இழுத்துக்கொண்டு, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு நேரமா?" என்று மேடம் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்கும். எனக்குத்தான் தாங்கல" என்றார். சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார்.

"ஒரு ராத்திரியில் எத்தனை தடவை?"

அவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். "நான் அத நல்ல தூக்கம்னுல்லா நெனச்சேன்" என்றார். யாரிடமும் இல்லை, பொதுவாக.

காது டெஸ்டை மேடம் அன்றைக்கே எடுக்கச் சொன்னார். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பாசிமணியை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். ரிஸ்வானா மணியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே இருந்தாள். சத்தத்தை நன்றாக ஏற்றின பிறகுதான் போட்டாள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. எக்ஸ்ரேவில் மூக்குக்குப் பின்னால் காற்று போகும் வழி கறுப்புப் பட்டையாகத் தெரிய வேண்டும். இவளுக்கு நூல் மாதிரிதான் தெரிந்தது.

மேடம் நிதானமாகச் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அத்தனை நேரம் சேர்ந்தாற்போல் நான் யாரிடமும் பேசினது கிடையாது. "பெரிதாக இருக்கிறது என்பதற்காக யாரும் கத்தி வைப்பதில்லை. தூக்கத்தில் மூச்சு நின்றால், காதுக்குப் போகும் குழாயை அடைத்து நீர் தங்கிப்போய்க் காது மந்தமானால், மூக்கில் திரும்பத் திரும்பச் சீழ் வந்தால், அப்போது விடக் கூடாது. இவளுக்கு முதல் இரண்டும் இருக்கிறது. ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடுகிற பிள்ளை பகலில் தூங்கத்தான் செய்யும். டீச்சர் சொல்வது காதில் விழுந்தால்தானே திரும்பும்? இவள் மந்தம் இல்லை."

கடைசி வாக்கியத்தை மைமூன் என்னை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

"கழுத்துல கீறுவாவளா? கொரல் போயிராதா?" என்று காதர் பாய் கேட்டார். வெளியே கீறல் எதுவும் இல்லை, வாய் வழியாகவே எடுத்துவிடுவார்கள் என்று மேடம் சொன்னார். குரல் போகாது, சில வாரம் மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கலாம். முன்னதாக அண்ணமும் உள்நாக்கும் பிளவில்லாமல் இருக்கிறதா என்று விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். பிளவு இருந்தால் இந்தச் சதையை எடுக்க யோசிக்க வேண்டும், பேச்சு கெட்டுவிடும் என்றார். ரிஸ்வானாவுக்கு இல்லை.

"மருந்துல கரையாதா?"

"சில பிள்ளைகளுக்கு ஸ்ப்ரேயில் குறையும். மூச்சு நிற்கிற பிள்ளையை நான் அதை நம்பிக் காக்க வைக்க மாட்டேன்."

"ஊருக்கு டிக்கெட் எடுத்தாச்சேம்மா" என்றார் அவர். அதில் பழைய பிடிவாதம் இல்லை. இருந்தாலும் சொன்னார்.

மேடம் என் பக்கம் திரும்பி, "ஊரில் போய்த் தூங்கினால் மூச்சு நிற்காதா என்று அவரிடம் கேள்" என்றார்.

நான் கேட்டேன். டிக்கெட்டை அன்றைக்கே ரத்து செய்தாரா என்று எனக்குத் தெரியாது. சளி இறங்கி, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து, மேடம் குறித்த நாளில் காலையில் வெறும் வயிற்றோடு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஆபரேஷன் அதிக நேரம் இல்லை. அதோடு சேர்த்துக் காதில் இருந்த நீரையும் எடுத்துவிட்டார்கள். வெளியே கொண்டுவந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தை அடிக்கடி விழுங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், அந்த நிமிஷமே கூப்பிட வேண்டும். மேடம் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் அன்றைக்குக் கண்ணை எடுக்கவில்லை. ரிஸ்வானா விழித்தாள், அழுதாள், குளிர்ந்த பாலைக் கொஞ்சம் குடித்தாள், மத்தியானம் தூங்கிப்போனாள். நான் டம்ளரைக் கழுவ எழுந்து போனேன்.

மைமூன் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "அக்கா, வாங்க, புள்ள மூச்சு விடல!"

நானும் ஓடினேன். காதர் பாய் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று மகளின் தோளை உலுக்கப் போனார். அவர் கையைத் தடுத்தேன். ரிஸ்வானா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் மூடியிருந்தது. உதடு நல்ல நிறமாக இருந்தது. மைமூனின் கையை எடுத்துப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தேன். அது மெதுவாக ஏறியது, இறங்கியது.

மைமூன் கையை எடுக்கவே இல்லை. "இவ்வளவு மெதுவாவாக்கா மூச்சு விடும்?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு மேடம் தமிழ்க்காரர்கள் வந்தால் அந்த இந்தி வார்த்தையைச் சொல்வதே இல்லை. தானே குறட்டை விட்டுக் காட்டுவார். புதிதாக வந்த டாக்டர்களையும் அப்படியே செய்யச் சொல்வார். காதர் பாய் எங்கெங்கே போய்ச் சொன்னாரோ, தாராவியில் மேடத்துக்கு 'கராட்டே டாக்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது. "கராட்டே டாக்டர் இருக்காவளா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். மேடத்துக்கு அதில் சந்தோஷம்தான். ரிட்டயர் ஆகும்வரை அந்தப் பெயரோடு இருந்தார்.

ரிஸ்வானா கடைசி செக்கப்புக்கு வந்தது பரீட்சை முடிந்த சமயம். காதர் பாய் கூட்டி வந்திருந்தார். மேடம் காதைப் பார்த்துவிட்டு, இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். நான் வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ரிஸ்வானா எங்களுக்கு முதுகைக் காட்டி, வராந்தாவின் அந்தக் கோடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கத் தயக்கமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன், மெதுவாக.

"ஊருக்கு அனுப்புதேன்னு சொன்னீங்களே பாய்?"

அவரும் குரலைத் தாழ்த்தினார். "போறோம்க்கா, லீவுக்கு. மூணு பேரும். இவளுக்கும் சேத்து ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துட்டேன்."

"வாப்பா" என்று அந்தக் கோடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "ரிட்டர்ன் டிக்கெட்டுன்னா என்ன?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.